குப்பை போடாமல் திரும்பினால் போதுமா? தேசியப் பூங்காவுக்குள் கூடாரமடிக்க நினைக்கும் வாசகருக்கு

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 32 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் மனைவியும் நான்கு நண்பர்களும் ஜனவரி கடைசி வாரத்தில் நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் அறிமுகமானவர் ஏற்பாடு செய்கிறார். தலைக்கு 6,500 ரூபாய், பாதியை முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. "ஃபாரஸ்ட் பெர்மிஷன் எல்லாம் நம்ம பொறுப்பு" என்று வாய்வார்த்தையாகச் சொன்ன அந்த நபரிடம் தாள் கேட்டபோது, வேறு யாரோ பெயரிலிருந்த பழைய நுழைவு அனுமதியின் புகைப்படம் ஒன்று வந்திருக்கிறது. விடிவதற்கு முன் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும், செக்போஸ்ட் பக்கம் போகாமல் தேயிலைத் தோட்டம் வழியாக ஏற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வழிகாட்டியாக வருபவர் காட்டோரக் கிராமத்தைச் சேர்ந்த, தினக்கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்.

வாசகர் ஏற்கெனவே இமாச்சலப் பிரதேசத்தின் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவில் கூடாரத்தில் தங்கியவர். கொண்டுபோன எதையும் காட்டில் விட்டு வராத பழக்கம் உள்ளவர். அவர் கேட்பவை இவை: எந்தப் பாதிப்பும் செய்யாமல் தங்கினால் அதிலென்ன தவறு? மாட்டிக்கொண்டால் ஏற்பாடு செய்தவர்தானே பொறுப்பு? அவர் சரியில்லை என்றால், அந்த இளைஞரை மட்டும் கூட்டிக்கொண்டு நாங்களே போகலாமா? கடைசியில் கொஞ்சம் வருத்தத்தோடு, "ரிசார்ட்காரர்களை விட்டுவிட்டு, காட்டை நேசிக்கிறவர்களைத் தடுப்பது நியாயமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் நேரடியான பதில்: இந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் பொறுப்பில்லாதவர் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. காட்டின் மேல் உங்களுக்குள்ள பிரியம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் நீங்கள் பொறுப்பு என்று எண்ணுவது இரண்டாவது படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முதல் படி, அந்த இடத்தில் அந்த இரவு இருப்பதற்கு உங்களுக்கு அனுமதி உண்டா என்பது. அது இல்லாதபோது, எவ்வளவு சுத்தமாகத் தங்கினாலும் அது அத்துமீறல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவு சரணாலயங்களைப் பற்றியது. 35-ஆம் பிரிவின் வழியே அதே கட்டுப்பாடு தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். பணியிலிருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலவுரிமை உள்ளவர், பொதுச்சாலையில் கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர வேறு யாரும் அனுமதியில்லாமல் உள்ளே நுழையவும் கூடாது, தங்கவும் கூடாது. அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவர்களுக்கும் உரியது. 28-ஆம் பிரிவு ஆய்வு, புகைப்படம், சுற்றுலா என்று சில நோக்கங்களுக்கு அனுமதி தர இடம் கொடுக்கிறது. ஆகவே சுற்றுலாவுக்காக அனுமதி கேட்பது சட்டத்துக்குப் புறம்பானதல்ல. ஆனால் கிடைக்கும் அனுமதியில் உள்ள பெயர், தேதி, பாதை, நிபந்தனை ஆகியவற்றுக்குள்தான் நீங்கள் நிற்க முடியும். பகலில் நடந்துவிட்டுத் திரும்ப வாங்கிய அனுமதி இரவு தங்குவதற்குச் செல்லாது. இன்னொருவர் பெயரிலுள்ள பழைய தாள் உங்களுக்கு எதற்கும் உதவாது.

மீறினால் 51-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராத வரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அதை உயர்த்தியது. உள்ளே தீ மூட்டினால் 30-ஆம் பிரிவும் சேரும். வாகனத்தையும் பொருள்களையும் பறிமுதல் செய்யும் அதிகாரமும் வனத்துறைக்கு உண்டு. ஆறு பேரையும் உடனே சிறையில் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்த விரும்பவில்லை. சில வழக்குகளில் இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு முடித்துவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது அதிகாரியின் முடிவு, நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது. அது நடக்காமல் வழக்கு நிலுவையில் நின்றால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதிலிருந்து வெளிநாட்டு விசா வரை ஒவ்வொரு இடத்திலும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் துறையில் இது சின்ன விஷயமல்ல.

மாட்டினால் யார் பொறுப்பு?

ஏற்பாடு செய்தவர் கண்டிப்பாகப் பொறுப்பு. ஆனால் அதனால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடாது. உள்ளே நடந்து போன ஒவ்வொருவரும் தனித்தனியாக 27-ஆம் பிரிவை மீறியவர்தான். ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லலாம். ஆனால் செக்போஸ்ட்டைத் தவிர்த்து இருட்டில் ஏறியவர் அப்படிச் சொன்னால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார். அனுமதி உள்ளவருக்குச் செக்போஸ்ட்டைக் கண்டு ஒளிய வேண்டிய தேவையே இல்லை. அந்த நாலு மணிப் புறப்பாட்டைக் கேட்டபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடிதத்தில் அதை இவ்வளவு விவரமாக எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உங்களைவிட நான் அதிகம் கவலைப்படுவது அந்த வழிகாட்டி இளைஞரைப் பற்றி. "அவர் அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர், அவர் கூட்டிப்போனால் என்ன?" என்று எழுதியிருக்கிறீர்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைச் சார்ந்து வாழும் மக்களுக்கு வாழிடம், விளைநிலம், சிறு வன மகசூல் (தேன், நெல்லிக்காய் போன்ற காட்டு விளைபொருள்), சமூக உரிமை என்று பலவற்றை அங்கீகரிக்கிறது. அவை அவர்கள் போராடிப் பெற்ற உரிமைகள். ஆனால் வெளியூர்க்காரர்களைத் தேசியப் பூங்காவுக்குள் கூட்டிப்போய்த் தங்கவைக்கும் உரிமை அவற்றில் இல்லை. பிடிபட்டால் நீங்கள் வக்கீல் வைத்து, கட்டணம் கட்டி, ஒரு கசப்பான நினைவோடு கோவை திரும்பிவிடுவீர்கள். அவர் அதே வனச்சரகருக்குக் கீழே, அதே காட்டோரத்தில் வாழ்ந்தாக வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை, தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலி, சூழல் சுற்றுலா வழிகாட்டி வேலை என்று அவருக்கு இருக்கும் சில வாய்ப்புகளும் வனத்துறையைச் சார்ந்தவைதான். வனக் குற்ற வழக்கு ஒன்று பதிவானால் அவையெல்லாம் மூடிப்போகும். அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அது முதல் திட்டத்தைவிட மோசம் என்பதே.

பாதிப்பே இல்லாமல் தங்க முடியுமா?

குப்பை போடமாட்டோம், மரம் வெட்டமாட்டோம், சத்தம் போடமாட்டோம் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் முக்கூர்த்தியைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

78 சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்புள்ள சின்னப் பூங்கா அது. 1990-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் நம் மாநில விலங்கான வரையாடு. நீங்கள் குறித்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வரையாடுகள் குட்டி போடும் காலம். பக்கத்தில் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒவ்வோர் ஆண்டும் இந்தக் காலத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவதற்குக் காரணமும் இதுதான். குட்டியோடு இருக்கும் ஆடு பாறைச் சரிவையும் அதை ஒட்டிய புல்வெளியையும் நம்பி வாழ்கிறது. அந்தப் புல்வெளியின் விளிம்பில் ஆறு பேர் விடியும்வரை இருந்தால், அது மேய வராமல் ஒதுங்கிப்போகும். நீங்கள் ஒரு சத்தமும் போட்டிருக்கமாட்டீர்கள். குட்டி ஈன்ற தாய்க்கு ஒருவேளை மேய்ச்சல் போயிருக்கும்.

இன்னொன்று நெருப்பு. டிசம்பர், ஜனவரி உறைபனி மலைப்புல்லைக் கருக்கிவிடும். அடுத்து வரும் வெயிலில் அது காய்ந்து, பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். புல்வெளிகளுக்கு இடையே மலைமடிப்புகளில் வளரும் சோலைக்காட்டின் மரங்கள் தீயைத் தாங்காதவை. ஒரு முறை சோலையின் ஓரம் எரிந்துவிட்டால், மீண்டும் வருவதற்கு மிக நீண்ட காலம் ஆகும். அந்த இடைவெளியில் சீகை மரம் போன்ற அயல் மரங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பற்றிய தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும் அதனால்தான். அனுமதி பெற்றுப் போகும் குழு எங்கே இருக்கிறது என்று வனத்துறைக்குத் தெரியும். தீ பிடித்தால் தேடி வருவார்கள். நீங்கள் ஆறு பேர் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பைக்காரா ஆறு முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கமிருந்துதான் பிறக்கிறது. அந்தப் புல்வெளியும் சோலையும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் கசியவிடுவதால்தான் கீழே ஓடை ஓடுகிறது. ஆறு பேர், இரண்டு இரவுகள். மனிதக் கழிவு, பாத்திரம் கழுவிய நீர், பற்பசை நுரை எல்லாம் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ரிசார்ட்டுகள்? உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மசினகுடியில் 2021 ஜனவரியில் தனியார் விடுதிக்காரர்கள் எரியும் பொருளை வீசியதில் காயம்பட்ட யானை இறந்துபோனதை யாரும் மறக்கமுடியாது. ஆனால் சட்டம் அவர்களை விட்டுவைத்திருக்கிறது என்பது முழு உண்மையல்ல. நீலகிரியிலுள்ள சீகூர் யானை வழித்தட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்ன தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. வழித்தடத்திலிருக்கும் விடுதிகள் அகல வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நடைமுறை மெதுவாக நகர்கிறது என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். அதற்குச் செய்ய வேண்டியது அந்த விதிகளை எல்லோர் மேலும் கறாராக அமல்படுத்தச் சொல்லிக் கேட்பது. நாமும் ஒரு கூடாரம் அடித்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி போய்விடும்.

இமயமலையில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நீங்கள் அங்கே தங்கியதும் அனுமதியோடுதான். கிரேட் ஹிமாலயன் பூங்காவில் வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கி, பதிவான வழிகாட்டியோடு, குறித்த முகாம் இடங்களில் தங்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அதே இமயமலையில், உத்தராகண்டிலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க விடமாட்டார்கள். பகலில் பார்த்துவிட்டுக் காங்கரியா கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் மலைப்புல்வெளிகளில் இரவு முகாமிடுவதையே தடை செய்தது. தேசியப் பூங்கா என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றின் நிலம், விலங்கு, மேலாண்மைத் திட்டம் எல்லாம் வேறு. ஓரிடத்தில் கிடைத்த அனுமதியைக் காட்டி இன்னோரிடத்தில் உரிமை கோர முடியாது.

சட்டப்படி, திறந்தவெளியில் ஓர் இரவு

உங்களுக்கு வேண்டியது வானத்துக்குக் கீழே ஓர் இரவு என்றால் அதற்கு வழி இருக்கிறது. பகல் நடைக்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். உங்களோடு வரவிருந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் நேர்மையாகப் போய்ச் சேரும் வழி அதுதான். காட்டுக்குள் இரவு வேண்டுமானால் ஆனைமலையில் டாப்ஸ்லிப், முதுமலையில் தெப்பக்காடு ஆகிய இடங்களில் வனத்துறை விடுதிகளுக்கு முன்பதிவு செய்யலாம். கூடாரம்தான் வேண்டும் என்றால் மறுபடி இமாச்சலத்துக்கே போங்கள், அங்கே முறையான ஏற்பாடு இருக்கிறது.

பூங்கா எல்லைக்கு வெளியே ஏதாவது எஸ்டேட்டில் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லைக்கு வெளியே என்றாலே சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே இருப்பது காப்புக் காடாக இருந்தால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 பொருந்தும். அங்கும் அத்துமீறி நுழைவது குற்றம். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். முகாமை ஒருவர் தொழிலாக நடத்துகிறார் என்றால் சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி உரிமம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் இடம் ஆபத்தானதாக இருக்கலாம். வயநாட்டில் மேப்பாடி அருகே 2021 ஜனவரியில் தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. வாகனத்துக்குள் இருப்பவருக்கும் சுவருக்குள் இருப்பவருக்கும் உள்ள பாதுகாப்பு ஒரு துணிக்கு உள்ளே இருப்பவருக்குக் கிடையாது. யானைத்தடம், ஓடைக்கரை, நீர்க்குட்டை, பலா பழுத்திருக்கும் தோட்டம் ஆகியவற்றின் அருகே எவ்வளவு அழகாக இருந்தாலும் படுக்காதீர்கள்.

அனுமதியுள்ள முகாமில் எப்படி நடந்துகொள்வது என்பதில் உங்களுக்கு அனுபவம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்கெனவே பலர் தங்கிய இடத்திலேயே கூடாரம் அடியுங்கள், புதிதாக ஓரிடத்தைத் துப்புரவாக்காதீர்கள். நீர்நிலையிலிருந்து அறுபது எழுபது மீட்டராவது தள்ளி இருங்கள். கழிப்புக்கு அதே தூரத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூவையும் நாப்கினையும் புதைக்காமல் திரும்ப எடுத்து வாருங்கள், விலங்குகள் தோண்டிவிடும். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஓடையில் இறக்காதீர்கள். சமையலுக்குக் கேஸ் அடுப்பு போதும், கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம். உணவுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், கரடிக்கும் யானைக்கும் மூக்குதான் கண். இருட்டிய பிறகு பாட்டுப் பெட்டி, தலைவிளக்கு வெளிச்சம் இரண்டையும் தேவைக்குமேல் பயன்படுத்தாதீர்கள். தங்கிய இடத்தைச் சமூக ஊடகத்தில் துல்லியமாகக் குறிக்காதீர்கள். அனுமதியுள்ள இடத்தையும் கூட்டமாக வந்து கெடுத்துவிடும் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

கொடுத்த முன்பணம்

இதில் நேரம் முக்கியம். சட்டவிரோதமான நோக்கமுள்ள ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தம் செல்லாதது என்று தெரியவரும்போது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆனால் தெரிந்தே உள்ளே போய்விட்டு வந்தபின் பணம் கேட்டால் நீதிமன்றம் உதவாது. "அனுமதி இருக்கிறது என்ற உங்கள் பேச்சை நம்பிப் பணம் கொடுத்தேன், கேட்டபோது எங்கள் பெயரில் அனுமதி காட்ட உங்களால் முடியவில்லை, எனவே விலகுகிறேன்" என்று ஏற்பாட்டாளருக்கு இப்போதே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். அவர் அனுப்பிய பழைய அனுமதிப் படம், பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஏற்பாட்டாளரைப் பற்றி வனத்துறையிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உதகையிலுள்ள மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இதே தேதிக்கு இன்னும் எத்தனை குழுக்களிடம் அவர் பணம் வாங்கியிருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதும்போது அந்த வழிகாட்டி இளைஞரின் பெயரைச் சேர்க்க வேண்டாம். அவர் இதுவரை எந்தக் குற்றமும் செய்யவில்லை. உங்களிடம் அவர் எண் இருந்தால் நீங்களே கூப்பிட்டு, அனுமதி இல்லாததால் நாங்கள் வரவில்லை, உங்களுக்கும் இதனால் வழக்கு வரலாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு நாள் கூலி அவருக்கு நஷ்டம்தான். முடிந்தால் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டிகளைச் சேர்க்கும் விவரத்தை அவருக்காக உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள்.